மருமகள் பேரில்

போன வாரம் எழிலை அடுப்படியில் விட்டுவிட்டு வந்தோம். தட்டில் போட்ட சோறு போட்டபடியே இருக்க, பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாளே, அந்த எழில். பசி இல்லாமல் இல்லை, பாவம். தொண்டைக்குக் கீழே எதுவும் இறங்கவில்லை. நம்மில் யாருக்குத்தான் அப்படி ஒரு சோறு ஒருநாள் வாய்க்காமல் போயிருக்கிறது?

விடிந்ததும் அந்த வேங்கிக்கால் வீட்டில் கேட்ட முதல் சத்தம் அவள் மகன் சரவணகுமாருடையது.

"ஒரு நம்பரைப் பார்த்து ஒழுங்கா அடிக்கத் தெரியாதா உனக்கு? அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க?"

அவன் மனைவி கவியா, மாமியார் எழிலுக்கும் தனக்கும் இட்லியை டிஃபன் பாக்ஸில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஷோரூமுக்கு வண்டி பார்க்க வந்தவன் கேக்கறான், 'சார், அந்தக் கெழவிக்குத் தப்பா ஊசி ஏறிடுச்சே, அது உங்க வீட்டுக்காரம்மா பண்ணதாமே'ன்னு. மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சிக்கறது நானு? எங்க அம்மா இத்தனை வருஷமா நர்ஸு. ஒருத்தன் கை நீட்டிப் பேசினதுண்டா? நீ வந்து ரெண்டு வருஷம் ஆகல, டவுனே பேசுது."

கவியா மூடியை அழுத்தி மூடினாள். மூடிவிட்டு ஒரே ஒரு தடவை எழிலை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமில்லை, கெஞ்சலுமில்லை. நிற்குமா நிற்காதா என்று தெரியாத பஸ்ஸைப் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

எழில் திரும்பி அடுப்பை அணைத்தாள். அது முன்னமே அணைந்துதான் இருந்தது.

"விடுடா. காலங்காத்தால எதுக்கு" என்றாள். அவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

"நீ ஒருத்திதாம்மா இவளைத் தாங்கற" என்று சொல்லிவிட்டு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

தாங்குகிறாளாம். யார் யாரைத் தாங்குவது என்று அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

அந்தக் கதையை மறுபடி ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்.

செங்கம் ரோட்டில் எழிலும் கவியாவும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில் வேலை செய்கிறவர்கள். போன வருஷம் அங்கே கேஸ் ஷீட்டையெல்லாம் கட்டி உள்ளே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார்கள். நர்ஸுகள் உட்காருகிற இடத்தில் சுவரோடு ஒரு பெரிய திரை. ஒரு கட்டிலுக்கு ஒரு கட்டம். பிரஷர், சுகர், காய்ச்சல் எல்லாம் நேரத்துக்கு ஏற்றிவிட்டால் கட்டம் பச்சையாகும். நேரம் தப்பினால் சிவப்பு. வருகிறவர் போகிறவர் எல்லார் கண்ணிலும் படும்படி சிவப்பு.

எழிலுக்கு எழுத்தைத் தேடித் தேடித்தான் அடிக்க வரும். ஒன்றை அடித்து முடிப்பதற்குள் இன்னொரு கட்டம் சிவந்துவிடும். பாஸ்வேர்டு வேறு மறந்துபோகும். மாடியில் கம்ப்யூட்டர் ரூமுக்குப் போய்ச் சொன்னால், "மறுபடியும் மறந்துட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு அங்கிருக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும். கெட்ட சிரிப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் படிக்கட்டில் மறுபடி ஏற அவளுக்குக் கால் வரவில்லை.

"என்னோடதைப் போட்டுக்கோங்க அத்தை. யாரு பார்க்கப்போறாங்க" என்றாள் கவியா.

அன்றிலிருந்து எழில் ஏற்றியதெல்லாம் கவியா பேரில்தான் ஏறியது.

இன்னொன்று. பழைய நர்ஸுகளிடம் ஒரு பழக்கம் உண்டு. கட்டில் கட்டிலாகப் போய் எடுத்த அளவை இடது உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். எழிலின் கை அப்படித்தான் பழகியது.

முந்தாநாள் மதியம், வெள்ளையம்மாள் என்கிற கிழவிக்குச் சுகர் பார்த்தாள். காலில் ஆறாத புண்ணோடு வந்து படுத்திருக்கிறவள். சாப்பாட்டுக்கு முன்னால் எடுக்கிற சுகர் எவ்வளவோ, அதற்குத் தகுந்தாற்போல் இன்சுலின் ஊசி. விரலில் குத்திப் பார்த்தாள். கையில் குறித்தாள். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர் வாந்தி எடுத்தார். ஓடினாள், துடைத்தாள், பழக்கத்தில் சானிடைசரைக் கையில் ஊற்றித் தேய்த்தாள்.

உட்கார்ந்து பார்த்தால் உள்ளங்கையில் நீலக் கறைதான் இருந்தது.

மற்றவர்களுடையது நினைவில் இருந்தது. வெள்ளையம்மாளுடையது மட்டும் வரவில்லை. சுகர் மிஷினைப் பக்கத்து வார்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். சுவரில் கட்டம் சிவந்துவிட்டது. மேட்ரன் வருகிற நேரம். போய் மிஷினை வாங்கிவந்து இன்னொரு தரம் விரலில் குத்தியிருக்கலாம். குத்தவில்லை. காலையில் எவ்வளவு என்று திரையில் பார்த்தாள். ஜாஸ்தியாகத்தான் இருந்தது. அதை ஒட்டினாற்போல் ஒரு எண்ணை அடித்துவிட்டாள்.

கட்டம் பச்சையாகிவிட்டது.

அந்தப் பச்சையை நம்பி மதிய ஷிப்ட் நர்ஸ் ஊசியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளையம்மாளுக்குச் சுகர் ஒரேயடியாக இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்துக் கண் செருகிவிட்டது. நல்லகாலம், எழில் கண்ணில் பட்டு, அவள் ஓடிப்போய்க் கூப்பிட்டதில் டாக்டர் உடனே வந்து குளுக்கோஸ் ஏற்றினார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண் யார் பேரில் இருந்தது? அந்த நேரம் கீழே கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கவியா பேரில்.

இவ்வளவுதான் கதை. இனிமேல் இன்றைக்கு வருவோம்.

வழக்கம்போல் கவியா ஸ்கூட்டியை ஓட்ட, எழில் பின்னால் உட்கார்ந்து போனாள். நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் வரும். ரோட்டோரம் போலீஸ்காரர்கள் லாரியிலிருந்து தடுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு வெளிநாட்டுக்காரர், வாடகைக்கு ரூம் கேட்டு ஆட்டோக்காரரோடு தமிழிலேயே பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"கவியா" என்றாள் எழில்.

"சொல்லுங்க அத்தை."

"சரவணன் பேசினதை மனசுல வெச்சிக்காத."

கவியா ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் சொன்னாள்:

"அவர் பேசினது இல்ல அத்தை. நான் உங்கள மாட்டிவிட மாட்டேன், அது உங்களுக்கே தெரியும். ஆனா நீங்களா சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். முந்தாநாளே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

பின்னால் உட்காருவதில் ஒரு சௌகரியம், முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

வார்டில் நுழைந்ததும் வெள்ளையம்மாள் எழுந்து உட்காரப் பார்த்தாள். "யம்மாடி, வந்துட்டியா? உன்னத்தான் பார்த்துகினு கீறேன்."

பக்கத்தில் அவள் மகன் காசி. மடியில் ஒரு பை வேர்க்கடலை. "இந்தாங்க சிஸ்டர், நம்ம நெலத்து மல்லாட்டை. வேக வெச்சிகினு வந்தேன். அம்மாதான் பெரிய சிஸ்டருக்குக் குடுடான்னு ஒரே தொல்ல."

"எதுக்குங்க இதெல்லாம்?"

"நீங்க இல்லன்னா எங்க அம்மா போய்ச் சேர்ந்திருக்கும். அந்தச் சின்னதை நான் விடப்போறதில்ல. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். எந்நேரமும் பொட்டியைத் தட்டிகினு நிக்குதே, அதுக்கு மனுஷன் மூஞ்சி எங்க தெரியப்போவுது?"

அந்தச் சின்னது நாலு கட்டில் தள்ளி நின்று இன்னொருவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தது. கேட்காமல் இருந்திருக்காது. நிமிரவில்லை.

வெள்ளையம்மாள் எழிலின் கையைப் பிடித்தாள். இடது கை. அதை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கை நல்லா இருக்கணும்" என்றாள்.

எந்தக் கை என்று அவளுக்குத் தெரியுமா? எழிலுக்கு உள்ளங்கை எரிந்தது. நெருப்பில் வைத்திருந்தால்கூட அப்படி எரிந்திருக்காது. கையை உருவிக்கொண்டு, "டாக்டர் வர்ற நேரம்" என்று என்னமோ சொல்லிவிட்டு நகர்ந்தாள். மல்லாட்டைப் பை மட்டும் எப்படியோ கையோடு வந்துவிட்டது.

டாக்டர் பார்த்துவிட்டுப் போனபிறகு மேட்ரன் ரூமிலிருந்து கவியாவுக்கு ஆள் வந்தது.

மேட்ரன் அறிவுமதி எழிலைவிட வயதில் இளையவள். கண்டிப்புக்காரி. கதவை முழுசாகச் சாத்தும் வழக்கம் அவளிடம் இல்லை. எழில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். போக வேண்டிய வேலை ஒன்றும் அங்கே இல்லை.

"சுகர் மிஷின்ல பார்த்தாச்சு கவியா. அதுல இருக்கிற நம்பர் கம்மி. நீ ஏத்தினது ஜாஸ்தி. எப்படி?"

"என் பேர்லதான் இருக்கு மேடம்."

"இருக்குங்கறது எனக்கும் தெரியுது. நீ போட்டியான்னு கேக்கறேன். நீ அந்த நேரத்துல கேன்டீன்ல இருந்தேன்னு ரெண்டு பேர் சொல்றாங்க."

சத்தமில்லை.

"யாருக்காச்சும் பாஸ்வேர்டு குடுத்தியா?"

அதற்கும் சத்தமில்லை.

"உனக்கு இந்த மாசம்தான் வேலை நிரந்தரம் ஆகணும். தெரியுமில்ல? வாயைத் தொறக்காம நின்னா நான் இன்னா பண்ண முடியும்? கார்டைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. மேல பேசிட்டுச் சொல்லி அனுப்பறேன்."

நாலு எட்டு வைத்தால் கதவு. தள்ளினால் திறக்கும். எழிலின் கால் வண்டியோடு சேர்ந்து முளையடித்தாற்போல் நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் ஒருத்தி போ, போ என்கிறாள். இன்னொருத்தி, இத்தனை வருஷத்துப் பேரு எழில், ஒரு நிமிஷத்துல போயிடும் என்கிறாள். இரண்டாமவள் சத்தமாகப் பேசவில்லை. ஆனாலும் அவள்தான் ஜெயித்தாள்.

கவியா வெளியே வந்தாள். கழுத்தில் கார்டு இல்லை. மாமியாரைப் பார்த்தாள். அங்கே ஏன் நிற்கிறாள் என்று புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை.

"டிஃபன் பாக்ஸ் உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை" என்றாள். "ரெண்டு பேருதும் அதுலதான் இருக்கு."

போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட எழில் தாங்கியிருப்பாள்.

மதியம் வழக்கம்போல் சுகர் பார்க்க ஆரம்பித்தாள். வெள்ளையம்மாள் விரலை நீட்டினாள். குத்தினாள், பார்த்தாள், பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் குறித்தாள்.

குறித்த பிறகுதான் தான் செய்தது தெரிந்தது. இத்தனை நடந்தும், கை தன்பாட்டுக்கு அதையே செய்திருக்கிறது.

கையை விரித்தபடியே, எதிலும் படாமல், கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிப் போகிறவள்போல் கம்ப்யூட்டரிடம் போனாள். கவியாவின் பேரை அடித்தாள். திறக்கவில்லை. இன்னொரு தரம் அடித்தாள். இந்தப் பேர் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று திரையில் வந்தது.

சுவரில் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவக்க ஆரம்பித்தன.

எழில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நின்றது கவியாவின் பேர். அதோடு அவள் செய்கிற வேலையும் நின்றுபோயிற்று. அவளுக்கென்று அங்கே ஒரு பேர் இல்லவே இல்லை.

பக்கத்து நர்ஸைக் கூப்பிட்டாள். "இந்தக் கையில இருக்கறதைப் பார்த்து ஏத்தும்மா. நான் எடுத்ததுன்னு எழுது" என்றாள். எழுதி முடிக்கிற வரைக்கும் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து மேட்ரன் ரூமுக்குப் போனாள். இந்தத் தடவை கால் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"மேடம், என் பேரைத் தொறந்து குடுக்கச் சொல்லுங்க."

"எழில் சிஸ்டர், உங்க பேர் எதுக்குப் பூட்டிக் கெடக்குது?"

"போன வருஷமே பூட்டிக்கிச்சு மேடம். நான் போய்த் தொறக்கல. கவியாவோடதுலதான் ஏத்திக்கிட்டு இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "முந்தாநாள் அந்த நம்பரையும் நான்தான் போட்டேன். கையில எழுதினது அழிஞ்சிடுச்சு. திரும்பப் போய்ப் பார்க்கல. குத்துமதிப்பா போட்டுட்டேன்."

அறிவுமதி பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"ஒரு வருஷமா நீங்க ஏத்தினது எதுவும் உங்க பேர்ல இல்லியா?"

"இல்ல மேடம்."

"அப்போ ஒரு வருஷமா நீங்க இந்த ஆஸ்பத்திரியிலயே இல்ல சிஸ்டர்."

அது திட்டு இல்லை. இருப்பதைச் சொன்னாள். அதனால்தான் அது அத்தனை ஆழத்துக்கு இறங்கியது.

"காலையில அந்தப் பொண்ணு இங்க நின்னுச்சே, அப்போ ஏன் வரல நீங்க?"

எழில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெளியிலதான் மேடம் நின்னுக்கிட்டு இருந்தேன்."

மேட்ரன் போனில் சொல்லி எழிலின் பேரைத் திறக்க வைத்தாள். தன் நாற்காலியை விட்டு எழுந்து, "உக்காருங்க. நீங்களே அடிங்க" என்றாள்.

எழில் ஒற்றை விரலால் அடித்தாள். ஒவ்வொரு எழுத்தும் எங்கே இருக்கிறது என்று தேடினாள். "வெள்ளையம்மாளின் சுகர் அளவை மறுபடி பார்க்காமல் ஏற்றியது நான்." மேட்ரன் பக்கத்தில் நின்றாள். உதவிக்கு வரவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. முடித்ததும் கீழே எழிலின் பேர் தானாக வந்து விழுந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்தத் திரையில் அவள் பேரில் ஏறிய முதல் எழுத்து அதுதான்.

"உங்களுக்கு இன்னா பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள் அறிவுமதி. "கவியா நம்பரை அடிக்கல, சரி. பாஸ்வேர்டு குடுத்தது தப்புதான். அதுக்கும் பதில் சொல்லணும் அவ. அதையும் மேலதான் முடிவு பண்ணுவாங்க."

அப்போ கவியாவுக்கு வேலை இருக்கிறதா, இல்லையா? கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று எழில் வெளியே வந்துவிட்டாள்.

திரையில் எழுதுவது ஒன்று, முகத்தைப் பார்த்துச் சொல்வது இன்னொன்று. காசி டீ குடிக்கப் போயிருந்தான். எழில் வெள்ளையம்மாளின் கட்டில் ஓரம் நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கம்ப்யூட்டர், பாஸ்வேர்டு எல்லாம் அந்த அம்மாளுக்கு எதற்கு?

"அன்னிக்கு உங்க சுகரைத் தப்பா எழுதினது நான்தாம்மா. அந்தச் சின்னப் பொண்ணு இல்ல. அது என் மருமவ. எனக்காக வாயை மூடிக்கினு நின்னுச்சு."

வெள்ளையம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு கையைப் போர்வைக்குள்ளே இழுத்துக்கொண்டாள். மெதுவாகத்தான் இழுத்துக்கொண்டாள்.

"எம்புள்ள அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி பேசிட்டானே" என்றாள். "நானும் கேட்டுகினு படுத்துனு இருந்தேனே."

"அந்தப் பொண்ணு ஒண்ணும் தப்பா நெனைக்காதும்மா."

"அது நெனைக்காது. நான் நெனைக்கிறேனே." கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "இனிமே எனக்கு ஊசின்னாலும் சுகருன்னாலும் அந்தப் பொண்ணையே வரச் சொல்லு. வேற ஆருக்கும் கை குடுக்க மாட்டேன்."

எழில் மல்லாட்டைப் பையை அந்தக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

சாயந்திரம் கவியாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வைப்பதற்குள் சரவணகுமாரே கூப்பிட்டான்.

"அம்மா, உன் மருமவ போளூர் பஸ் ஏறிட்டாளாம். அவங்க அம்மா வீட்டுக்கு. பண்றதையும் பண்ணிட்டு ரோஷம் வேற. போனா போறா, நீ கவலப்படாத."

"சரவணா."

"இன்னாம்மா?"

"அது நான்டா. அந்த நம்பரைப் போட்டது நான். கவியா இல்ல."

அந்தப் பக்கம் ஷோரூமில் யாரோ வண்டியை முறுக்கிப் பார்க்கிற சத்தம். அது ஓய்ந்தது. அவன் பேசியபோது குரல் வேறாக இருந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனுக்கு அந்தக் குரல் உண்டு.

"அப்போ காலையில நான் அவள அந்தப் பேச்சு பேசினனே. நீ பக்கத்துலதானேம்மா நின்னுகிட்டு இருந்த?"

எழில் சுவரில் சாய்ந்துகொண்டாள். பையில் டிஃபன் பாக்ஸ் கனத்தது. இரண்டு பேர் சாப்பாடும் அதில் அப்படியே இருந்தது.

"நின்னுகிட்டுதான்டா இருந்தேன்" என்றாள்.

அவன் போனை வைக்கவில்லை. பஸ் இந்நேரம் ஊரைத் தாண்டியிருக்கும். சாயந்திரச் சுகருக்கு நேரமாகிவிட்டது. எதிரே திரையில் எல்லாக் கட்டமும் பச்சையாகிக்கொண்டு வர, வெள்ளையம்மாளின் கட்டம் மட்டும் சிவந்து, சிவந்தபடியே நின்றது.